பதினாறு படமும் நாலு பேட்டரியும்

என் நாத்தனாரை நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் 'அவள்'தான். இங்கே மனதுக்குள் இருப்பதையே எழுதுகிறேன். மரியாதையை எதிர்பார்ப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவள் என் கணவருடைய அக்கா. அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பார். அதனால் அவள் எங்களோடுதான் இருந்தாள். வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். பார்லருக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் கத்தரிக்கோல் விழுந்தால் இந்தப் பக்கம் காதில் கேட்கும். பேசினால் கேட்கவா வேண்டும்.

நான் பல் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பிளாஸ்டர் மாவில் அச்சு வார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பல்செட் செய்து கொடுப்போம். ஊரில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற பாதிப் பேருடைய பல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் வெளியே சொல்வதில்லை.

கேமராவை வாங்கியது லேப் வேலைக்காகத்தான். முகத்தைப் பார்த்துப் பல்லின் அளவையும் நிறத்தையும் முடிவு செய்யலாம், ஒவ்வொரு தடவையும் ஃபிலிம் கழுவக் காத்திருக்க வேண்டாம் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். எங்கள் தெருவிலேயே அதுதான் முதல் டிஜிட்டல் கேமரா. பார்ப்பதற்குச் சாம்பல் நிறச் சோப்பு டப்பா. இப்போதைய கேமராபோல முதுகில் திரை கிடையாது. ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்து அழுத்த வேண்டும். மேலே சின்னக் கண்ணாடியில் ஓர் எண் தெரியும். பதினாறில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யம் வந்தால் முடிந்தது. என்ன எடுத்தோம் என்று பார்க்க வேண்டுமானால் லேபில் இருக்கிற கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைத்து முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி வரும். முதலில் கூரை, அப்புறம் நெற்றி, அப்புறம் கண். ஆள் யாரென்று தெரிவதற்குள் டீ ஆறிவிடும்.

இன்னொன்று. அதில் படமெல்லாம் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். அடியில் ஒரு மூடி, உள்ளே நாலு பேட்டரி. கழற்றினால் எல்லாம் போச்சு. கடைக்காரர் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். "கம்ப்யூட்டர்ல ஏத்துற வரைக்கும் மூடியைத் தொடாதீங்கம்மா. தொட்டா உள்ள இருக்கிறது காத்தோட போயிடும்." வீட்டுக்கு வந்ததும் மூடியின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'திறக்காதே' என்று எழுதி வைத்தேன். என் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பல் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷமும் சிரிக்கும்போதெல்லாம் இடது கை தானாக வாய்க்குப் போய்விடும். போட்டோ என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வார். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். வெளியூரில் என் தம்பி வீட்டில் இருந்தார். ஊரான் வாய்க்கெல்லாம் பல் செய்கிறவளுடைய அப்பா பொக்கை வாயோடு அலைகிறாரே என்று எனக்கு உறுத்தல். ஒரு மாதத்துக்கு முன் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனவர், செட் தயாரானதும் ஒரு சனிக்கிழமை காலை வந்தார்.

அந்தச் செட்டை வேறு யார் கையும் படாமல் நானே செய்தேன். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று அவருக்கு இளவயதில் கொஞ்சம் திரும்பி நிற்கும். எனக்கு நினைவிருந்தது. மெழுகில் அதை அதே மாதிரி திருப்பி நட்டேன். லேப் முதலாளி பார்த்துவிட்டு, "என்னம்மா, கோணலா வெச்சிருக்கே?" என்றார். "அது அப்படித்தான் சார் இருக்கணும்" என்றேன்.

அப்பா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். நாக்கால் உள்ளே தடவிப் பார்த்தார். அந்தக் கோணல் பல்லில் நாக்கு நின்றது. என் பக்கம் திரும்பி, "இது என் பல்லுடி" என்றார். சிரித்தார். கை வாய்க்குப் போகப் பார்த்து, பாதி வழியில் நின்று, கீழே இறங்கிவிட்டது.

நான் ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் பின்னாலேயே சுற்றிப் பதினாறும் எடுத்தேன். ஆப்பிளைக் கடிப்பதை, வாசலில் நின்று விசிலடிக்கப் பார்த்துக் காற்று மட்டும் வருவதை, என் கணவர் சொன்ன ஏதோ அசட்டு ஜோக்குக்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பதை. ஞாயிறு லேப் லீவு. திங்கள் காலை கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு, சாயங்காலம் அப்பாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்டக்டரைப் பார்த்தும் சிரித்தார் மனுஷர்.

திங்கட்கிழமை லேபில் ஒயரைச் செருகினால் கேமரா பேசவில்லை. மேல் கண்ணாடியில் எண்ணும் இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். பிளாஸ்திரி இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே நாலு குழிதான் இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். நாலு நாளாகச் செத்துக் கிடந்த டிவி ரிமோட் நாத்தனார் கையில் ஜோராக வேலை செய்துகொண்டிருந்தது.

"அண்ணி, கேமராவுல இருந்த பேட்டரி?"

"ஆமா, நான்தான் எடுத்தேன். ரிமோட்டுக்கு ரெண்டு, கடிகாரத்துக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணு அந்த டிராயர்ல கிடக்கு பாரு."

"அதுல அப்பா படம் இருந்துச்சு அண்ணி. பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருந்தேனே."

"அது பாட்டுக்கு சும்மாதானே கிடந்துச்சு." டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டோதானே, அடுத்த தரம் எடுத்துக்கலாம். அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே?"

அடுத்த தரம் வரவில்லை. அதற்குப் பதினோராம் நாள் காலையில் குளிக்கப் போன அப்பா குளியலறைக் கதவோரம் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வாய் இறுகிவிட்டது. பல்செட் வாஷ்பேசின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீருக்குள் கிடந்தது. போட்டுவிட முயன்றேன். இத்தனை வருஷம் எத்தனையோ வாய்க்குப் பொருந்தும்படி செட் செய்திருக்கிறேன், என் அப்பா வாய்க்குப் பொருத்த முடியவில்லை. தம்பி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிக் கொண்டுவந்த போட்டோவில் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தார். அதற்குத்தான் மாலை போட்டோம்.

இதுவரை நடந்ததைக்கூட நான் விழுங்கியிருப்பேன். தெரியாமல் செய்தாள் என்று என் கணவர் சொன்னார். "பிளாஸ்திரியைப் பிச்சது கூடவா தெரியாம?" என்று கேட்டேன். "விடு, அக்கா சுபாவம் தெரியும்ல" என்றார். அந்தக் குடும்பத்தில் எல்லாக் குற்றத்துக்கும் அக்கா சுபாவம் என்று ஒரே தீர்ப்புதான்.

விழுங்க முடியாதது அதற்கப்புறம் வந்தது. அப்பா போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டே சொல்கிறாள்:

"என் தம்பி பொண்டாட்டி ஒரு கேமரா வெச்சிருக்கா. ஃபிலிமே கிடையாது. படமெல்லாம் பேட்டரிக்குள்ள இருக்காம்! பேட்டரியைக் கழட்டினா படம் பறந்து போயிடுமாம். நான் ஏதோ ரிமோட்டுக்குப் போட்டேன். அன்னிலேர்ந்து டிவியைப் பார்க்கவே பயமா இருக்கு, அவங்கப்பா திரையில வந்து நின்னுடுவாரோன்னு!"

புருவத்துக்குச் சொந்தக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இந்தப் பக்கம் கையில் பாத்திரத்தோடு நின்றேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான். அப்பா இரண்டு நாள் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு டீ குடித்தவர்.

அந்த ஜோக் நன்றாக ஓடியது. புதிதாக ஒருத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாறாவது தடவை சொன்ன அன்று எண்ணுவதை நிறுத்தினேன். சண்டை போடவில்லை. முகம் கொடுத்துப் பேசினேன், டீ போட்டுக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது எங்கள் தொழிலில் சகஜம். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

எட்டு மாதத்தில் வந்தது.

நாத்தனாருக்கு முடி என்றால் முடி, முழங்காலுக்குக் கீழே தொங்கும். பன்னிரண்டு வயதுக்குமேல் நுனியைத் தவிர கத்தரி பட்டதில்லை. பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கொண்டையைப் பார்த்துத்தான் வந்தார்கள். ஆனால் அவிழ்த்துவிட்டு ஒரு போட்டோகூட இல்லை. கண் பட்டுவிடும் என்று என் மாமியார் இருந்தவரை விட்டதில்லை. ஆல்பம் முழுக்கக் கொண்டைதான். மாமியார் போன பிறகும் அந்தப் பயம் அவளுக்குள் இருந்தது. இப்போது கழுத்துவலி. கனத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலியில் நாலு வாரம் அழுதுவிட்டு, கடைசியில் தோள்வரை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி நல்லா நாலு படம் எடுத்துடு" என்றாள் என்னிடம். "பார்லருக்குப் போர்டு எழுதுறவர் கம்ப்யூட்டர் வாங்கியிருக்காராம், உன் கேமரா படம்னா அப்படியே பெருசாக்கிப் போடலாங்கிறாரு. இனிமே யாருக்குத் தெரியப்போகுது எனக்கு இப்படி இருந்துச்சுன்னு. எனக்கே ஒரு ஆசை. பின்னாடி எப்படி இருக்குன்னு நான் முழுசா பார்த்ததே இல்ல. எந்தக் கண்ணாடியிலயும் பாதிதான் தெரியுது."

"நாலு எதுக்கு அண்ணி? பதினாறும் எடுக்கிறேன்" என்றேன்.

"வெட்டுறதும் நீயே வெட்டிடு. எனக்கு மனசு வராது. வேற எவகிட்டயும் தலையைக் கொடுக்க மாட்டேன். உனக்கு ஸ்திரமான கை, பல் செதுக்குற கை."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். வெட்டுகிற அன்று காலையில் முதல் வேலையாக ரிமோட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

பார்லருக்கு லீவு விட்ட மத்தியானம். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அவளை நிற்க வைத்தேன். கொண்டையை அவிழ்த்தாள். கறுப்பாக இறங்கிக்கொண்டே இருந்தது. என்னதான் வயிற்றெரிச்சல் இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பின்னாலிருந்து எடுத்தேன். பக்கவாட்டில் எடுத்தேன். ஸ்டூலில் உட்கார வைத்து, நுனி தரையில் சுருண்டு கிடப்பதை எடுத்தேன். ஃபேனைப் போட்டுப் பறக்கவிட்டு எடுத்தேன். ஒன்பதாவது படத்தில் அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எட்டு மாதத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். எண் பூஜ்யத்துக்கு வந்தது.

கழுத்தில் துணியைக் கட்டி நாற்காலியில் உட்கார வைத்தேன். முடியை நாலு இடத்தில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் பத்திரமா இருக்கா?"

"பதினாறும் பத்திரமா இருக்கு அண்ணி."

பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் இருந்தது.

அவ்வளவு முடி ஒரே வெட்டில் போகாது. கத்தரி கரகரவென்று அறுத்து அறுத்துத்தான் உள்ளே போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு என்னென்னவோ முணுமுணுத்தாள். என் கை நடுங்கவில்லை. கடைசி இழை அறுந்ததும் முழுதும் என் இடது கையில் விழுந்தது. ஈரத் துண்டுபோலக் கனத்தது. அதை அவள் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். முடியைக் கூடவே எடுத்து வந்திருந்தாள்.

"தலை பஞ்சு மாதிரி இருக்கு. சரி, டிவியைப் போடு. எதையாவது பார்த்தாத்தான் மனசு ஆறும்."

ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன்.

"பேட்டரி தீர்ந்து போச்சு போலிருக்கு அண்ணி" என்றேன்.

கேமரா மேசைமேல் இருந்தது. எடுத்துக் கவிழ்த்தேன். இந்தத் தடவை நான் பிளாஸ்திரி ஒட்டவில்லை. மூடியைத் தள்ளினேன். நாலு பேட்டரியும் உள்ளங்கையில் விழுந்தன, லேசான சூட்டோடு. இரண்டை ரிமோட்டில் போட்டேன். ஒன்றைச் சுவரடியில், கடிகாரத்துக்குக் கீழே வைத்தேன். மிச்சம் ஒன்றை டிராயரில் போட்டு மூடினேன். டிவி சத்தமாகப் பேச ஆரம்பித்தது.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கிக்கொள்ளச் சிரமப்பட வேண்டியதில்லை. படமெல்லாம் பேட்டரிக்குள்ள இருக்காம் என்று பதினாறு தடவை ஊருக்குச் சொன்னவள் அவள்தானே. அவள் கை தானாகப் பின்கழுத்துக்குப் போயிற்று, கொண்டையைத் தேடி. ஒன்றும் இல்லாமல் கீழே வந்தது.

"என்னடி பண்ணினே?"

"அது பாட்டுக்கு சும்மாதானே கிடந்துச்சு அண்ணி" என்றேன். "போட்டோதானே, அடுத்த தரம் எடுத்துக்கலாம்."

எட்டு மாதம் வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம். சொல்லி முடித்ததும் உடம்பு முழுக்க இனித்தது. வெட்கப்பட்டு என்ன பிரயோஜனம், இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கத்துவாள், தன் தம்பியைக் கூப்பிடுவாள், வீட்டையே இரண்டாக்குவாள் என்று காத்திருந்தேன். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மடியில் கிடந்த முடியின் ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவளிடமிருந்து நான் கேட்டே இராத ஒரு குரலில் பேசினாள்.

"நீயாவது பார்த்தியே. பின்னாடி எப்படி இருந்துச்சு? வாயாலயாவது சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் அது கறுப்பாக இல்லை, செம்பு நிறத்தில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவளே அறியாத விஷயம் அது. நடுமுதுகில் வலப்பக்கமாக ஒரு அலை வளைந்து போனதைச் சொல்லியிருக்கலாம். அந்த வெளிச்சத்தில் அதைப் பார்த்த ஒரே ஆள் நான். சோப்பு டப்பாவுக்குள் இல்லாதது இப்போது எனக்குள் மட்டும்தான் இருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி" என்றேன். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அதற்கப்புறம் அந்த ஜோக்கைப் பலகைக்கு அந்தப் பக்கம் நான் கேட்டதில்லை. முடி திரும்ப அந்த நீளத்துக்கு வளரவும் இல்லை. அவள் இன்னும் கேட்கிறாள், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, எதிர்பார்க்காத நேரத்தில். துணி மடிக்கும்போதோ, இரண்டு பேரும் தனியாக இருக்கும்போதோ. நான் அதே பதிலைத்தான் சொல்கிறேன். வருத்தமா என்றால் இல்லை. இன்னொரு தரம் அந்த மத்தியானம் வந்தால் இன்னொரு தரமும் மூடியைத் தள்ளுவேன்.

ஒரே ஒரு விஷயத்தை அவளிடம் மட்டுமில்லை, யாரிடமும் நான் சொன்னதில்லை. அப்பாவின் பதினாறு படத்தையும் அந்த எட்டு மாதமும் மனதுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்ப்பேன். லேபில் மெழுகு உருகும் நேரத்தில் கண்ணை மூடினால் போதும், ஒன்றாவதிலிருந்து வரும். இப்போது வருவதில்லை. ஆப்பிள் வருகிறது, விசில் வருகிறது, மூன்றாவதில் சிக்கிக்கொள்கிறது. பத்திரப்படுத்தி வைத்திருக்கிற அவர் பல்செட்டைக் கையில் எடுத்து அந்தக் கோணல் பல்லில் விரலை வைத்துக்கொண்டு, ஓட்டையில் கண்ணை வைத்தமாதிரி ஒரு கண்ணை மூடி, அப்பா, அப்பா என்று தேடுகிறேன். செம்பு நிறத்தில் ஒரு முதுகு வந்து நிற்கிறது. ஒன்பதாவதில் திரும்பிப் பார்த்து அவள் சிரிக்கிறாள்.